பல்லி சொன்ன திசை

எனக்கு இடது காது கேட்காது. ஏழு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து தாடை வீக்கம் இறங்கியபோது காதும் கூடவே போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்பதால், யாருக்கும் தெரியாமல் காலம் தள்ள முடிந்தது. ஒரு காது போனவர்களுக்குச் சத்தம் பாதியாகக் கேட்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சத்தம் முழுதாகவே கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பதுதான் தெரியாது. வீட்டில் கைபேசி அடித்தால் நான் சமையலறை, படுக்கையறை, குளியலறை என்று ஊர்வலம் போவேன். கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டில் யாராவது என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால், எல்லாப் பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கூப்பிட்டவரை மட்டும் பார்க்காமல் பஸ் ஏறிவிடுவேன். எனக்குத் தலைக்கனம் என்று, தமிழும் மலையாளமும் கலந்த இந்த ஊரில் குறைந்தது பத்துப் பேராவது நம்பிக்கொண்டிருப்பார்கள்.

இப்படிப்பட்ட நான் வேலை பார்ப்பது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கும் கருவியைச் செய்கிற ஒரு சின்ன கம்பெனியில். எனக்கு இல்லாத ஒன்றை உருவாக்கும் ஆசையில்தான் அந்த வேலைக்குப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால், ஊருக்கு வெளியே கம்பெனிகள் குவிந்திருக்கும் கழக்கூட்டத்தில் அந்த வருஷம் என்னை எடுத்துக்கொண்ட ஒரே கம்பெனி அதுதான்.

கருவி பார்ப்பதற்குப் பெரிய இட்லித் தட்டு போல இருக்கும். வட்டமான பலகை. குழிகள் இருக்கவேண்டிய இடங்களில் மிளகளவு மைக்குகள். நடுவில் நாலு பக்கமும் பார்க்கும் ஒரு கேமரா. எங்காவது ஒரு சத்தம் எழுந்தால், அது பக்கத்து மைக்குக்கு முதலில் வந்து சேரும். தள்ளி இருக்கும் மைக்குக்கு ஒரு நூலிழை தாமதமாக வரும். அந்தத் தாமதங்களையெல்லாம் கணினி ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்து, சத்தம் கிளம்பிய இடத்தைக் கேமராப் படத்தின்மேல் ஒரு சிவப்புத் திட்டாகக் காட்டிவிடும். தொழிற்சாலைக் குழாயில் காற்று ஒழுகும் ஓட்டை, பஸ்ஸுக்குள் எங்கோ கிரீச்சிடும் தகடு என்று ஆள் தேடிக் களைத்த இடங்களை அது ஒரு நொடியில் பிடித்துவிடும். இரண்டு காதும் கேட்பவர்கள் பிறந்ததிலிருந்து தலைக்குள் செய்துகொண்டிருப்பதும் இதே கணக்கைத்தான். ஒரு காதை வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவது?

கல்யாணப் பேச்சு நடந்தபோது என் அம்மா ஒரு முடிவு எடுத்தாள். "கேட்டா சொல்லுவோம். கேக்கலேன்னா நாமளா எதுக்குச் சொல்லணும்?" யாரும் கேட்கவில்லை. உங்கள் பெண்ணுக்கு இரண்டு காதும் கேட்குமா என்று எந்த மாப்பிள்ளை வீட்டில் கேட்பார்கள்? மணவறையில் என்னை மாப்பிள்ளைக்கு வலப்பக்கம் உட்கார வைத்தார்கள். அதாவது, அவர் இருந்தது என் இடப்பக்கம். அவர் மூன்று தடவை என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார். நான் நேராகக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "அன்னைக்கு மணவறையில அவ்வளவு கோபமா இருந்தியே, எதுக்கு?" அப்போதுதான் அவரிடம் சொன்னேன். ஃபேனை உன் பக்கம் திருப்பச் சொல்லட்டுமா என்றுதான் மூன்று தடவையும் கேட்டாராம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "வீட்டுல உனக்கு எப்ப சொல்லணும்னு தோணுதோ அப்ப சொல்லு" என்றார்.

ஏழு வருஷம் எனக்குத் தோன்றவில்லை. நாங்கள் கரமனையில் ஒரு ஃபிளாட்டில் இருந்தோம். அத்தையும் மாமாவும் நாத்தனாரும் சாலை பஜாருக்குப் பின்னால் ஒரு சந்தில், சொந்த வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். நான் எல்லோருக்கும் இடது ஓரமாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். எல்லோரும் என் வலது காதுக்கு அடங்கிவிடுவார்கள். சமாளித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

நாத்தனாருக்கு முப்பது வயது. ஒரு ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். கூட வேலை பார்ப்பவர் ஒருவரை அவளுக்குப் பிடித்திருந்தது. விசாரித்தால் இரண்டு வீட்டுக்கும் தூரத்து உறவே இருந்தது. அதிசயமாக யாருக்கும் எந்த ஆட்சேபமும் இல்லை. ஒரு வியாழக்கிழமை காலை, மாப்பிள்ளையும் அவர் அப்பா அம்மாவும் நாள் குறிக்க நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்தார்கள்.

முன்னறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். வாசல் கிழக்கே. வாசலை ஒட்டிய சோபாவில் மாப்பிள்ளை வீட்டார். மேற்கே அடுக்களைக் கதவில் சாய்ந்தபடி அத்தை. தெற்கு ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் மாமா. சாலை பஜாரில் பாத்திரக் கடை நடத்தி ஓய்ந்தவர். வாய் ஓயாமல் பேசுவார். புதிதாகப் பல்செட் வைத்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்ததால் அன்றைக்குப் பேச்சைக் குறைத்துக்கொண்டு, பேப்பருக்குப் பின்னால் இருந்தார். எல்லோர் கையிலும் டீ. தட்டில் சக்கை வறுவல், அதாவது பலாச்சுளை வறுவல். பேச்சு வழுக்கிக்கொண்டு போனது.

மாப்பிள்ளையின் அம்மா, "அப்போ ஆவணியிலேயே வச்சுக்கிடலாமே?" என்றார்.

அத்தை "ஆகட்டும்" என்று சொல்ல வாயைத் திறந்தார்.

ச்சு… ச்சு… ச்சு.

அத்தையின் வாய் அப்படியே நின்றது. மாப்பிள்ளையின் அம்மா சோபாக் கையில் விரலால் மூன்று தட்டுத் தட்டி, சிரித்தார். "பாருங்க, பல்லியே சம்மதம் சொல்லியாச்சு. வாசப் பக்கம் இருந்துதான் சொல்லுச்சு. கிழக்கு. நல்லது."

"கிழக்கா?" என்றார் அத்தை. "எனக்கு முதுகுப் பக்கம்லா கேட்டுது. அடுக்களையில இருந்து."

"மேல இருந்தும்மா. டியூப்லைட் பக்கம்" என்றார் என் கணவர்.

அத்தை கண்ணாடி அலமாரியைத் திறந்து பஞ்சாங்கத்தை எடுத்தார். பின்பக்கத்தில் பல்லி சொல்லும் பலன் கட்டம் கட்டமாக இருந்தது. இந்தக் கிழமை இந்தத் திசை என்றால் இன்ன பலன். கட்டத்தின்மேல் விரலை வைத்துக்கொண்டு, திசை தெரியாமல், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீ சொல்லு மக்களே. சத்தம் எங்கேருந்து வருகுன்னு கண்டுபிடிக்கதுக்குத்தானே ஒனக்குக் கம்பெனியில சம்பளம் குடுக்கான்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, "அப்படியா? நல்ல வேலைதான்!" என்று மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்கோ அந்தச் சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டிருந்தது. எனக்கு எல்லாச் சத்தமும் அப்படித்தான். ஆனால் ஒற்றைக் காதுக்காரர்களுக்குக் கண்தான் இன்னொரு காது. சுற்றிலும் பார்த்தேன். வடக்குச் சுவரில், காலண்டருக்குக் கீழே, ஒரு பல்லியின் வால் நீட்டிக்கொண்டிருந்தது.

"வடக்கு, அத்தை" என்றேன். சந்தேகத்துக்கே இடமில்லாத குரலில்.

விரல் நகர்ந்தது. "வியாழன்… வடக்கு…" அத்தையின் முகம் மாறியது. "காரியத் தடை."

அப்புறம் நடந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. அத்தை பஞ்சாங்கத்தை மூடினார். ஒரு மாசம் போகட்டும், பிறகு பேசலாம் என்றார். மாப்பிள்ளையின் அம்மா, "ஒரு பல்லிக்காகவா?" என்று கேட்டார். "ரெண்டு பிள்ளைகளோட வாழ்க்கை இல்லையா?" என்றார் அத்தை. நாத்தனார் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மாப்பிள்ளை அந்தக் கதவையே பார்த்தபடி செருப்பை மாட்டினார். அவர்கள் மத்தியான ரயிலுக்குக் கிளம்பிப்போகும்வரை மாமாவின் பேப்பர் கீழே இறங்கவே இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் என்னைப் பழவங்காடிக்கு வரச் சொன்னாள். பிள்ளையார் கோயில் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீ வருவதற்குள் கேட்டுவிட்டாள்.

"மைனி, சத்தியமா சொல்லுங்க. வடக்கேருந்துதான் கேட்டுதா?"

சொன்னேன். காது, பொன்னுக்கு வீங்கி, காலண்டர், வால், எல்லாம்.

அவள் கொஞ்ச நேரம் என் இடது காதையே பார்த்தாள். அதில் நான் போட்டிருந்த கம்மலைக்கூடச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அப்போ ஆபீஸ்ல மைனி எப்படி வேலை…"

"ஆபீஸ்ல மிஷின் இருக்கு."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். டீ சிந்துமளவுக்குச் சிரித்தாள். சிரிப்பு அப்படியே அழுகையாக மாறியது. துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எந்து கஷ்டம் மைனி இது! என் கல்யாணம் ஒரு பல்லி வாலைப் பிடிச்சுத் தொங்குகு, கேட்டோ" என்றாள்.

"அத்தைகிட்ட நானே போய்ச் சொல்லிடறேன். நான் சொன்னது பொய்னு."

"சொன்னா? வடக்கு இல்லேன்னா பின்ன மேற்குன்னு அம்மா அடுத்த கட்டத்தைப் பாப்பா. அதுல என்ன எழுதியிருக்கோ!" கண்ணாடித் தம்ளரைச் சுற்றிக்கொண்டே யோசித்தாள். "அந்த மிஷினை வீட்டுக்குக் கொண்டு வர முடியுமா? அம்மா மனுஷங்க சொன்னா கேக்க மாட்டா. மிஷின் சொன்னா கேப்பா. டாக்டரை விட பி.பி. மிஷினைத்தான் நம்புகா. அந்தப் பல்லி நாலு பக்கம் இருந்தும் சொல்லுகுன்னு காட்டிட்டா, எந்தக் கட்டத்தைப் பாப்பா?"

திங்கட்கிழமை எங்கள் பெண் மேலாளரிடம் போய் நின்றேன். மலையாளி. அதட்டமாட்டார், ஆனால் கருவியில் ஒரு கீறல் விழுந்தாலும் தாங்கமாட்டார். வீட்டில் ஒரு பல்லியின் சத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும், ஒரு கல்யாணம் அதனால் நிற்கிறது என்றேன். என் காதைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

"பல்லியோ?" மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். எனக்காக அவர் பேசும் தமிழ் பாதி மலையாளம். "பல்லி நல்ல டெஸ்ட் ஆணு. சின்ன சத்தம், சின்ன ரூம், நிறைய எக்கோ. கொண்டு போய்க்கோ. பக்ஷே, ரிப்போர்ட் எழுதித் தரணும்."

வியாழக்கிழமை மத்தியானம் கருவியைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் அத்தை வீட்டுக்குப் போனேன். நாத்தனார் மிஷினைப் பற்றிச் சொன்னபோது, அதே கிழமையில்தான் பார்க்க வேண்டும் என்று அத்தை நிபந்தனை போட்டிருந்தார். முன்னறை நடுவில் ஸ்டாண்டை நிறுத்தி, பலகையை மாட்டி, லேப்டாப்பைத் திறந்தேன். அத்தை சந்தனமும் குங்குமமும் எடுத்துக்கொண்டு வந்தார். மைக்கில் படாமல் ஸ்டாண்டின் காலில் வைக்கச் சொன்னேன். மூன்று காலிலும் வைத்தார்.

பிறகு, "எங்க, காட்டு" என்று எதிரே நின்று கைதட்டினார். திரையில் அவர் கைகளின்மேல் சிவப்புத் திட்டு பூத்தது. அத்தை கையை இழுத்துக்கொண்டு, தள்ளிப்போய் இன்னொரு தடவை தட்டினார். திட்டும் கூடவே போனது. அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. மகளை அனுப்பிக் கரண்டியைக் கீழே போடச் சொன்னார். ஜன்னல் மழைத்தடுப்பில் கத்திய காக்காயைத் திரையில் கண்டுபிடித்து, அதன் வாயைத் தொட்டுக் காட்டினார். குக்கர் விசிலடித்தபோது அடுக்களைக் கதவில் ஒரு சிவப்புத் திட்டும், கண்ணாடி அலமாரியில் ஒரு மங்கலான மஞ்சள் திட்டும் தெரிந்தன.

"அலமாரியும் விசிலடிக்கா?"

"இல்லை அத்தை. குக்கர் சத்தம் கண்ணாடியில பட்டுத் திரும்புது. தரையில டைல்ஸ், இந்தப் பக்கம் கண்ணாடி. சின்ன அறை. அதனாலதான் அன்னைக்கு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு பக்கம் கேட்டிருக்கு."

"அப்போ அவங்க கிழக்குன்னு சொன்னது பொய் இல்லை" என்றார் அத்தை, கொஞ்சம் வருத்தமாக. மாப்பிள்ளையின் அம்மா மனதறிந்து புளுகியதாகத்தான் ஒரு வாரமாக நினைத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பல்லிக்காகக் காத்திருந்தோம். என் கணவர் தான் பாடம் எடுக்கும் கல்லூரியிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டார். பல்லி வடக்குச் சுவரில், காலண்டருக்கு ஒரு சாண் மேலே, எல்லோரும் பார்க்கும்படி ஒட்டிக்கொண்டிருந்தது. எங்களைப் பார்த்தது. ஒரு கொசுவைப் பிடித்துத் தின்றது. வாயே திறக்கவில்லை. இரண்டு மணி, மூன்று மணி ஆனது. நாத்தனார் அதைக் கும்பிட்டுக்கூடப் பார்த்தாள். மூன்றரைக்கு அத்தை டீ போட்டு, சக்கை வறுவல் டப்பாவைத் திறந்து தட்டில் கொட்டினார். மாமா தன் ஜன்னலோர நாற்காலியில் பேப்பரை விரித்திருந்தார்.

ச்சு… ச்சு… ச்சு.

நான்கு பேரும் சட்டென்று காலண்டரைப் பார்த்தோம். பல்லி அசையாமல் இருந்தது. நான் திரையைப் பார்த்தேன். சிவப்புத் திட்டு வடக்கே இல்லை. தெற்கு ஜன்னலோரம், மாமாவின் பேப்பருக்கு நட்டநடுவில் இருந்தது.

"அப்பாவுக்குப் பின்னால இன்னொரு பல்லி!" என்று நாத்தனார் துள்ளினாள். என் கணவர் போய் ஜன்னல் கதவுக்குப் பின்னால் பார்த்தார். நாற்காலியின் அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் இல்லை. மாமா, "எதுக்கு இப்படிக் குனிஞ்சுகிட்டு…" என்று முனகியபடி தட்டை நோக்கிச் சாய்ந்து இன்னொரு வறுவலை எடுத்தார். மென்றார். ச்சு… ச்சு. அவர் சாய்ந்தபோது திட்டும் சாய்ந்தது. நிமிர்ந்தபோது நிமிர்ந்தது.

அத்தை திரையைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார்.

"என்னங்க. அந்தப் பேப்பரைத் தாழ்த்துங்க."

பேப்பர் மெதுவாக இறங்கியது. மாமாவின் கன்னம் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. புதுப் பல்செட்டுக்கு அடியில் மாட்டிய வறுவல் துணுக்கை நாக்கால் உறிஞ்சி எடுக்கும் மும்முரம். எல்லோரும் பார்ப்பதைக் கண்டு உறிஞ்சுவதைப் பாதியில் நிறுத்தினார். ஆனால் நாக்கு தானாக இன்னொரு தடவை, மெல்ல, 'ச்சு' என்றது. திரையில் அவர் வாய்மேல் சிவப்பாகப் பூத்து அணைந்தது.

"பல்லி இல்லை!" என்று கத்தினாள் நாத்தனார். "பல்லு! பல்லும்மா!"

சிரித்துச் சிரித்து அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். என் கணவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தை மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா? அன்னைக்கும் நீங்கதானா?"

மாமா பேப்பரை நான்காக மடித்தார். "சொல்லத்தான் நெனச்சேன். சம்பந்தக்காரங்க முன்னால பல்லு சத்தம்னு எப்படிச் சொல்ல? அதுக்குள்ள நீ பஞ்சாங்கத்தை எடுத்துட்ட. பிறகு மருமகளும் வடக்குன்னு சொல்லிட்டா. படிச்ச பிள்ளை சொல்லுகா. ஒருவேளை நான் உறிஞ்சின அதே நேரத்துல நெஜமாவே ஒரு பல்லியும் சொல்லியிருக்குமோன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு."

அந்தப் பேச்சு என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்குப் புரிவதற்குள் அத்தை என் பக்கம் திரும்பிவிட்டார்.

"அப்போ நீ எதுக்கு மக்களே வடக்குன்னு சொன்ன? இவரு இரிக்கது தெக்கேல்லா?"

அறையில் சிரிப்பு நின்றது. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சொல்லட்டுமா என்று கேட்கும் பார்வை. வேண்டாம் என்று தலையசைத்தேன்.

"எனக்கு இடது காது கேக்காது அத்தை. சின்ன வயசிலேயே போயிட்டுது. சத்தம் எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியாது. அன்னைக்குப் பல்லி வாலைப் பாத்துட்டுச் சொன்னேன்."

அத்தை எழுந்து என் அருகே வந்தார். என் இடப்பக்கம் நின்று குனிந்தார். அவர் மூச்சு கழுத்தில் பட்டது, வேறொன்றும் தெரியவில்லை. பிறகு சுற்றிக்கொண்டு வலப்பக்கம் வந்தார். "இப்பக் கேக்கா?"

"கேக்கு."

"ஏழு வருஷமா அடுக்களையில ஒனக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு நான் ஒன்ன வஞ்சதெல்லாம்?"

"திட்டினீங்களா அத்தை?"

"ஒண்ணுகூடவா கேக்கல?"

"ஒண்ணுகூடக் கேக்கல."

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அவ்வளவும் வீணாப் போச்சா!" என்றார். முதலில் மாமாவுக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு அத்தையும் சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

சிரிப்பு அடங்கிய பிறகு, தணிந்த குரலில் கேட்டார். "எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருவீங்களோன்னு முதல்ல பயம். அப்புறம் சொல்லாமலே பழகிப்போச்சு."

அத்தை உடனே மறுக்கவில்லை. அப்படியெல்லாம் சொல்வேனா என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காலண்டர் பக்கம் பார்த்தபடி யோசித்தார்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். "ஒரு பல்லிக்குப் பயந்தவதானே நான். நல்ல வேளை, நீ சொல்லல."

அத்தையிடம் ஏழு வருஷத்தில் நான் கேட்டவற்றிலேயே இதைத்தான் அதிகம் நம்பினேன்.

அதற்கப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. அத்தை போனை எடுத்தார். மாமா இரண்டு கையையும் கூப்பினார். பல்லை மட்டும் சொல்லிவிடாதே என்று. நாத்தனார் ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

"மிஷின் வச்சுப் பாத்தாச்சு" என்றார் அத்தை, மாப்பிள்ளையின் அம்மாவிடம். "அன்னைக்குப் பல்லியே சொல்லல. ஆவணியிலேயே வச்சுக்கிடலாம்."

"பின்ன அந்தச் சத்தம் என்னவாக்கும்?"

அத்தை மாமாவை ஏற இறங்கப் பார்த்தார். "அது வீட்டுல ஒரு பழைய சாமான். அப்பப்போ சத்தம் போடும். நாளைக்கு ராவச் சொல்லிக் குடுக்கப் போறேன்."

மறுநாள் காலையிலேயே பல் டாக்டரிடம் மாமாவைக் கூட்டிக்கொண்டு போனார். செட்டின் ஓரத்தை ராவிச் சரிசெய்து கொடுத்தார்களாம். கல்யாணம் முடியும்வரை வீட்டில் சக்கை வறுவல் கிடையாது என்றும் உத்தரவாயிற்று.

மேலாளருக்கு ரிப்போர்ட் எழுதினேன். எதிரொலி நிறைந்த சிறிய அறை, கருவி சரியாக வேலை செய்தது, சத்தம் வந்தது பல்லியிடமிருந்து அல்ல, ஒரு மனிதரிடமிருந்து என்று எழுதிவிட்டு, அவர் அறைக்குப் போய் மீதியைச் சொன்னேன். காதையும் சேர்த்து. வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் நான் மீட்டிங்கில் அதே ஓர நாற்காலிக்குச் சண்டை போடுவதற்கு ஏ.சி. காற்றுதான் காரணம் என்று அவர் நினைத்திருந்தாராம். "இத்தனை நாள் மிண்டாம, வாயே திறக்காம இருந்நல்லோ!" என்று மேசையில் ஓங்கித் தட்டினார். அடுத்த நிமிஷமே, உனக்காக இதைக் கையடக்கமாகச் செய்தால் என்ன என்று கேட்டார்.

செய்து பார்த்தோம். நான்கு மைக், ஒரு சின்ன பெட்டி, கைபேசித் திரையில் ஒரு அம்பு. சத்தம் வந்த பக்கம் அம்பு திரும்பும். வீட்டில் அருமையாக வேலை செய்தது. தொலைந்துபோன கைபேசியைத் தேட அது ரொம்ப உதவும். ஆனால் அம்பு தெரிவதே அந்தக் கைபேசியில்தான் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. கிழக்கேகோட்டைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பஸ் ஹாரன், லாட்டரி விற்கும் மைக், பழக்காரர்களின் கூவல், எல்லாம் சேர்ந்து அம்பு மின்விசிறி மாதிரி சுற்றியது. பையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

ஆவணியில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அதற்குமுன் சாமான் வாங்க அத்தையும் நானும் சாலை பஜாரில் பல நாள் அலைந்தோம். அத்தை என் இடது கையைப் பிடித்துக்கொண்டு, கேட்காத காதுக்குக் காவலாக அந்தப் பக்கமாகவே நடப்பார். நான் கேட்காமலே செய்தி வந்துகொண்டிருக்கும். சொல்ல வேண்டியதையெல்லாம் என் முகத்துக்கு முன்னால் தலையை நீட்டி, வலது காது பக்கம் திரும்பிச் சொல்வார்; அதனால் எதிரே வருகிறவர்கள்மேல் இடித்துக்கொண்டே இருப்பார்.

"ஸ்கூட்டர் வருகு, ஒதுங்கு." "ஒன்ன இல்ல, அவன் அரிசிக்காரனைக் கூப்பிடுகான்." "பின்னால லாரி. நிக்கட்டும், நமக்கென்ன அவசரம்?"

ஒருநாள் குத்துவிளக்கு பார்த்துக்கொண்டிருந்தோம். அத்தை ஒன்றைத் தூக்கி விரலால் சுண்டினார். அடுத்ததையும் சுண்டினார். கடைக்காரர் இரண்டும் ஒரே பித்தளைதான் என்று சத்தியம் செய்தார். அத்தை இரண்டு விளக்கையும் ஒவ்வொன்றாக என் வலது காதுக்கு நேராகக் கொண்டுவந்து, மறுபடி ஒரு சுண்டு சுண்டி, "நீ சொல்லு மக்களே, எது கொள்ளாம்? எது நல்லது?" என்று கேட்டார்.

இரண்டாவது விளக்கு நீளமாக, விடாமல் ரீங்கரித்தது. அதையே எடுத்துக்கொண்டோம்.